உலர்வாக அரைக்கவும்

மலேசியாவில் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் இருக்கும் செனாயில், ரிலே செய்யும் ஃபேக்டரி ஒன்றில், உலோகப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். அதில் மூன்று வருடங்களைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உட்காருவேன், ஒரு பக்கம் எழுதுவேன், கிழித்துப் போடுவேன்.

ரிலே என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி. உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கும், அதன் பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். சுருளில் மின்சாரம் போனால் காந்தம் உண்டாகித் தகட்டை இழுக்கும். நாங்கள் செய்தது அதில் ஒரு தனி வகை. கண் இமைக்கும் நேரம் மின்சாரம் கொடுத்தால் போதும், தகடு போய் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஒட்டியபடியே இருக்கும். எதிர்த்திசையில் இன்னொரு முறை கொடுத்தால்தான் விடும். வீட்டு மின்மீட்டர்களுக்குள் இருப்பது இதுதான். இதன் உயிர், தகடு செய்யப்படும் உலோகக் கலவையில் இருக்கிறது. காந்தத்தைச் சீக்கிரம் மறந்துவிடும் கலவை பிடியை விட்டுவிடும். மறக்கவே மறக்காத கலவை திறக்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் வேலை.

அந்தக் கலவையை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். கோவிட் முடிந்து எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கிய சமயம், விற்றுக்கொண்டிருந்தவர்கள் அந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். நாமே செய்து பார்க்கலாம் என்று பாஸ் சொன்னார். அவர் பக்கத்து ஊரான குலாய்க்காரர், சீனர், அதட்டிப் பேசாத மனிதர். ஒரு சின்ன உருக்கு உலை வாங்கித் தந்தார். பாதிக்குப் பாதி இரும்பும் கோபால்ட்டும், அது உடையாமல் இழுபடுவதற்குக் கொஞ்சம் வனேடியம். இந்த மூன்றையும் எந்த அளவில் சேர்ப்பது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சூடாக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டியது நான்.

ஒவ்வொரு வார்ப்பிலிருந்தும் தீக்குச்சி நீளத்துக்குச் சின்னச் சின்னக் கம்புகளை வெட்டி, துல்லியமான அளவுக்கு அரைத்து, உலையில் பதப்படுத்தி, காந்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அரைப்பதற்கு ஓர் ஆள் கேட்டேன். உற்பத்தி வரிசையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். பெக்கான் நானாஸிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் ஃபேக்டரியில் வேலை செய்தவர்கள். கணவர் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டுத் திரும்புவார். ஒரே மகள், அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் முழுவதும் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார்.

"உங்க தமிழு ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு மேடம்" என்றார் ஒரு நாள். "நீங்க எந்தப் பக்கம்?"

என் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்று சொன்னேன். அப்பா ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர்.

"ஓ, சிலோன்காரங்க" என்று சிரித்தார். "எங்க அம்மா சொல்லும், சிலோன்காரங்க வீட்டு வாசல்ல நின்னாக்கூட ஆங்கிலத்துல இருமணும்னு."

நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் 'மேடம்' போய் 'ம்மா' வந்தது.

அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைத்த கம்பை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, "இன்னும் லேசா தடிப்பா இருக்கு" என்பார். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அதிகமாக இருக்கும். மூன்று டிப்ளமா ஆட்கள் அவர் இடத்தில் இருந்தாலும் அந்த வேகத்தில் துண்டுகள் வந்திருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி உறை, உறையின் மேல் வார்ப்பு எண், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல உருண்டை உருண்டையான எழுத்து.

முதல் வார்ப்புகள் உருட்டும்போதே பிஸ்கட் போலப் பிளந்தன. ஐந்தாவதிலிருந்து உடையவில்லை. ஆனால் அளவீடுகள் தாறுமாறாக வந்தன. ஒரே வார்ப்பில் வெட்டிய நான்கு கம்புகளில் நான்கு வித எண்கள். இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு காரணம் தெரிந்தது. அரைக்கும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்ட், தண்ணீர் கலந்தது. அது கம்பின் மேல் கறையாகப் படிந்து, உலையில் வெந்து, மேற்பரப்பைக் கெடுத்தது. கூலண்ட் இல்லாமல் அரைத்துப் பார்க்கச் சொன்னேன். நான்கு எண்களும் ஒன்றுபோல் வந்தன. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அரைக்கும்போது சூடானால்தான் என்ன, பிறகு எப்படியும் உலையில் வைத்துத்தானே பதப்படுத்தப் போகிறோம்?

மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் வேலைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். 'கூலண்ட் வேண்டாம். உலர்வாக அரைக்கவும்.' கீழே என் கையெழுத்து.

அன்றிலிருந்து அந்த அறையில் தூசி வந்தது. கரும்சாம்பல் நிறம், முகப் பவுடர் போல மெல்லிசு. தூசியை உறிஞ்சும் குழாய் ஒன்று இருந்தது. ஆனால் அதன் வாய் சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. நீட்டித் தரும்படி பராமரிப்புப் பிரிவுக்கு எழுதினேன். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அக்கா கோவிட் காலத்தில் மிச்சமான நீல நிற முகக்கவசத்தைப் போட்டுக்கொள்வார். மத்தியானம் அதைக் கழற்றும்போது மூக்குக்கு இரண்டு பக்கமும் கருப்புக் கோடு விழுந்திருக்கும்.

"ம்மா, இந்தத் தூசி ஒண்ணும் பண்ணாதா?" என்று கேட்டார்.

"இரும்புதான் க்கா. மாஸ்க் போட்டுக்குங்க, போதும்."

இதை நான் சொன்ன இடம், நின்ற விதம், கையில் வைத்திருந்த உறை எல்லாம் நினைவிருக்கிறது. இரும்பு பாதிதான். மீதி கோபால்ட். கோபால்ட் வந்த டின்னோடு பாதுகாப்புத் தாள்கள் வந்தன. அதன் பொடியைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் படித்தேன், கோப்பில் போட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி சுருக்கமாகச் சொல்வதாகத்தான் அப்போது நினைத்தேன். புரியாத அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

இருமல் அடுத்த வருடம் தொடங்கியது. புகைமூட்டம் வந்திருந்த மாதம் அது. சூரியன் செம்பு நாணயம் மாதிரி தெரிந்தது. ஃபேக்டரியில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ஹேஸுனாலதான் லா. ஊரே இருமுது" என்றார் அக்கா. கம்பெனி கிளினிக்கில் கோவிட் டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. இருமல் மருந்து கொடுத்து இரண்டு நாள் மருத்துவ விடுப்பு எழுதினார்கள். புகைமூட்டம் கலைந்தது. மற்றவர்களுக்கு இருமல் நின்றது. அவருக்கு நிற்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம், தீபாவளி முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் என் மேசைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"ஒண்ணு சொல்லட்டா? தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு போட்டேன்ல, ஒரு தடவகூட இருமல. முறுக்கு சுட்டேன், அவ்வளவு எண்ணெப் பொக, அதுக்கும் இருமல. திங்கக்கெழம வந்து மிஷின ஆன் பண்ணினேன், மத்தியானத்துக்குள்ள வந்துடுச்சு. வீட்டுல இல்ல, இங்கதான் என்னமோ இருக்கு."

ஒரு டாக்டர் சொல்ல வேண்டியதை அவரே கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு அந்த நொடியில் அந்தத் தாளின் வரி ஞாபகம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு மாதிரிகள் அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. முப்பத்தெட்டாவது வார்ப்பு நான் தேடிய இடத்துக்கு வெகு அருகில் வந்திருந்தது. அரைப்பதற்கு வேறு ஆள் இல்லை.

"ஏசி காத்தா இருக்கும் க்கா" என்றேன். "ஃபில்டர் மாத்தச் சொல்றேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் உண்மையாகவே ஏசி ஃபில்டரை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

முப்பத்தெட்டாவது வார்ப்புதான் வேலைக்கானது. தகடாக அடித்து, ரிலேக்குள் பொருத்தி, மேசையில் வைத்து மின்சாரம் விட்டோம். 'டிக்' என்று மூடியது. மின்சாரத்தைத் துண்டித்தோம். மூடியே இருந்தது. எதிர்த்திசையில் விட்டோம். திறந்தது. ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை தானாகத் திறந்து மூடும்படி வைத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. பாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அக்காவின் கையையும்தான். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட அன்று மேல்மாடி கேண்டீனில் எல்லோருக்கும் பிரியாணி.

நான் முதலில் ஏறிப் போய்விட்டேன். அக்காவுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் கீழிருந்து நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தார். உதடு ஊதா நிறமாக இருந்தது.

"ஏற முடியலம்மா" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "என்னன்னு தெரியல. நாலு படிதான் ஏறுனேன்."

அவரை என் காரிலேயே ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். ஒரு வாரம் கழித்து முடிவு சொல்ல வரச் சொன்னார்கள். அவருடைய கணவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. என்னைக் கூட வர முடியுமா என்று அக்கா கேட்டார். போனேன்.

டாக்டர் மலாய்ப் பெண், இளவயது. ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக, ஒட்டடை படிந்தது போல இருந்தது. நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள், எதைச் சுவாசிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஹாபுக் பெசி, டாக்டர்" என்றார் அக்கா. இரும்புத் தூசி. நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். இரும்புத் தூசி மட்டும் என்றால் இந்த மாதிரி வருவதில்லையே என்று முனகிக்கொண்டே எழுதினார். வேறு ஏதாவது? வீட்டில் கோழி, புறா வளர்க்கிறீர்களா? புகை பிடிப்பவர்கள் உண்டா? அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். அவர் முகத்தில் பரீட்சையில் பதில் தெரியாத தவிப்பு இருந்தது.

"கோபால்ட்" என்றேன். "பாதி கோபால்ட். உலர்வாக அரைக்கிறார். மூன்று வருடமாக."

டாக்டரின் பேனா நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்குப் புதிதில்லை. ஒவ்வொரு உறையிலும் வார்ப்பு எண்ணுக்குக் கீழே 'Co' என்று அவரே எழுதியிருக்கிறார். அது ஒரு குறி என்று மட்டும் நினைத்திருந்தார். டாக்டர் என்னிடம் நிறையக் கேள்விகள் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

கார் நிறுத்துமிடத்தில் அக்கா கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் க்கா."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்து."

அவர் காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார். பெக்கான் நானாஸ் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "தேங்க்ஸ்மா" என்றார். அது பழக்கத்தில் வந்தது. சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் பாஸிடம் சொன்னேன். இதை எழுத்தில் கொடுத்தால் அந்தக் குறிப்பில் உன் கையெழுத்துத்தான் இருக்கிறது, யோசித்துக்கொள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன். அரசாங்கத்திலிருந்து இருவர் வந்து அறையைப் பார்த்தார்கள், சுவரிலிருந்த குறிப்பைப் படம் பிடித்தார்கள். கம்பெனிக்குத் தண்டனை வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. உலர்வாக அரைப்பது தடை என்றானதும், வேறு வழி கண்டுபிடி என்று என்னிடமே விட்டார்கள். தண்ணீர் கலக்காத எண்ணெய்க் கூலண்ட் ஒன்றை வரவழைத்தேன். அரைத்த கம்புகளை ஆல்கஹாலில் கழுவினேன். உறிஞ்சு குழாயை நீட்டி, சக்கரத்தைச் சுற்றி மூடி போட்டார்கள். எண்கள் ஒன்றுபோல் வந்தன. கறை இல்லை, தூசி இல்லை. எல்லாம் சேர்த்து ஒன்பது நாள் ஆனது. மூன்று வருடம் ஒருவரை அந்தத் தூசியில் நிற்க வைத்ததற்குப் பதிலாக நான் செய்திருக்க வேண்டியது ஒன்பது நாள் வேலை.

அக்கா திரும்ப வேலைக்கு வரவில்லை. பேக்கிங் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலை தருகிறோம் என்றார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை நடக்க அவரால் முடியவில்லை. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. நான் மாதத்துக்கு ஒரு முறை போவேன். மெஷின் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும். அதன் குழாய் எட்டும் தூரம்தான் அவருடைய வீடு. அடுப்படி வரை எட்டும். வாசல் வரை எட்டாது. ஆள் பாதியாகிவிட்டார். நான் பழம் வாங்கிப் போவேன், மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம், ஃபேக்டரியில் யார் கல்யாணம், யார் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்று பேசுவோம்.

நான்காவது முறை போனபோது அவரே தொடங்கினார்.

"நீ சொல்லியிருந்தா நான் வேலைய விட்டிருப்பேன்னு நெனைக்காத. விட்டிருக்க மாட்டேன். எனக்கு அந்த வேல புடிச்சிருந்துச்சு. எம்பத்தஞ்சு பேரு லைன்ல இருந்தோம், அதுல என்னைத்தான் கூப்பிட்டாங்க." மூச்சுக்காக நிறுத்தினார். நான் காத்திருந்தேன். "நல்ல மாஸ்க் கேட்டிருப்பேன். அந்தப் பைப்ப நானே கம்பி வெச்சுக் கட்டி இழுத்திருப்பேன். அவ்வளவுதான். அதைச் செய்ய விடல நீ."

"தப்புத்தான் க்கா."

"தப்புத்தான்" என்றார் அவரும். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அளவு சரியாக இருக்கும் துண்டை உறைக்குள் போடும்போது "சரி" என்பாரே, அந்தக் குரல்.

அடுத்த மாதம் புறப்படுவதற்கு முந்தைய நாள் மகள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மா இனிமே வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு ரொம்ப மூச்சு வாங்குது. மனசுல போட்டுக்கிறாங்கன்னு அப்பா சொல்றாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சரிம்மா என்றேன். அதற்குப் பிறகு போகவில்லை.

ஏழு மாதம் கழித்து, காலையில் வேலைக்குப் போகும் வழியில், ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. யாரோ பூப்படம் ஒன்றும் இரங்கலும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காரை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். லாரிகள் தாண்டிப் போகும்போதெல்லாம் கார் ஆடியது.

இறுதிச் சடங்குக்குப் போகலாமா என்று தெரியவில்லை. வர வேண்டாம் என்று சொன்னது அவர்தான். அவர் இல்லாதபோது போவது அவருடைய வார்த்தையை மீறுவதா? கடைசியில் போனேன். தெருவில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். வரவேற்கவுமில்லை, முகம் திருப்பவுமில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் நான் யார் என்று கேட்டார். கூட வேலை செய்தவள் என்றேன். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது போகவில்லை. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது போகவில்லை.

இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். வேலையை விட்டுவிடுவேன் என்று அந்த வாரம் நினைத்தேன். விடவில்லை. அரைக்கும் அறையை நான் பார்த்துக்கொண்டால் சரியாக இருக்கும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்கள் கலவை இப்போது பெரிய அளவில் வார்க்கப்படுகிறது. அதை வைத்துச் செய்த ரிலேக்கள் எந்தெந்த நாட்டு வீடுகளின் மீட்டர்களில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு வேலையாகப் பொந்தியான் போய்விட்டுத் திரும்பும்போது, பெக்கான் நானாஸில் ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினேன். ஆர்டர் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர் மேசையில் அக்காவின் கணவர். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நான் நினைப்பதற்குள் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு அண்ணே."

சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். முட்டிவலி, இனி எல்லைப் பாலத்தில் மோட்டார் ஓட்ட முடியாது. மகளுக்குக் குலாயில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே வாடகை வீடு பார்த்திருக்கிறார்கள், மாதக் கடைசியில் போகிறார்கள். ஆக்ஸிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை அலைந்ததைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு படிவம் குறைகிறது என்று அனுப்பிவிட்டார்களாம்.

"அவங்களப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அதெல்லாம் பேசி என்ன?"

டீயைக் குடித்து முடித்தார். மழை வரும் மாதிரி இருக்கிறது, பார்த்துப் போ என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் குடிக்காமல் வைத்திருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. கடைக்காரப் பெண் மேசை துடைக்க வந்து, கிளாஸை எடுக்கலாமா என்று கேட்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.